நாவற்கிளையும் உரைகல்லும்

மலாக்கா நகருக்கு வடமேற்கே, கடலை ஒட்டி அமைந்த ஊர் தஞ்சோங் கிளிங். தஞ்சோங் என்னும் மலாய்ச் சொல் கடலுக்குள் நீண்ட நிலமுனையைக் குறிக்கும். கிளிங் என்பது தென்னிந்தியரைக் குறிக்க மலாய் உலகில் நெடுங்காலம் வழங்கிய பெயர். ஓர் ஊரின் பெயரே வரலாற்று ஆவணமாக நிற்பது அரிதினும் அரிது. ஆயினும், அப்பெயரின் வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பவருக்குக் கிடைப்பது வரலாறன்று, வாய்ச்சண்டை.

கோவில் திருவிழா முடிந்து பந்தலடியில் நால்வர் அமர்கின்றனர். அல்லது தோட்டத்து ஒட்டுக்கடையில் தேநீர் அருந்தக் கூடுகின்றனர். பழைய வரலாற்றில் அவர்களுக்கு ஆர்வம் மிகுதி. ஒருவர் தொடங்குகிறார்: "முப்பது ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறேன். இந்த மலாக்காவை நிறுவிய பரமேசுவரன் தமிழன்தான்." மற்றொருவர் மறுக்கிறார். எதைக் கொண்டு மறுக்கிறார்? "நீர் எந்தப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தீர்?" என்னும் கேள்வியைக் கொண்டு. முன்னவர் சினக்கிறார்; "தமிழ் உணர்வு இல்லாதவன்" என்று பின்னவரைப் பழிக்கிறார். தேநீர் ஆறுகிறது. பரமேசுவரன் யார் என்பது மட்டும் எவருக்கும் விளங்கவில்லை.

இந்தக் காட்சியில் குற்றம் இரண்டு. சான்று காட்டாமல் தன் புலமையைச் சாற்றிக் கொள்வது ஒன்று. சான்றைக் கேட்காமல் பட்டத்தைக் கேட்பது மற்றொன்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பேசப்படும் பொருளைக் கைவிட்டுப் பேசுகின்ற ஆளைப் பிடித்துக் கொள்வதே இரண்டுக்கும் இயல்பு.

பழந்தமிழர் அவை

தமிழர் மரபு இவ்வாறு இருக்கவில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை எனினும், அதன் தலைவியின் கதையைப் பௌத்த மரபு காத்து வைத்துள்ளது. வாதில் வல்ல அப்பெண் ஊர்தோறும் செல்வாள். ஊர் வாயிலில் மணலைக் குவித்து, அதில் ஒரு நாவற்கிளையை நட்டு வைப்பாள். தன்னோடு வாதிட வல்லவர் அக்கிளையை வீழ்த்தலாம் என்பது அதன் பொருள். புத்தரின் மாணவரான சாரிபுத்தர் அந்த அறைகூவலை ஏற்றார். அவள் கேட்ட வினாக்களுக்கெல்லாம் விடை கூறினார். பின்னர் அவர் கேட்ட ஒரு வினாவுக்கு அவளால் விடை கூற இயலவில்லை. தோல்வியை ஒப்புக் கொண்டாள். வென்றவர் காட்டிய நெறியையே ஏற்றாள்.

கிளையை நட்டதில் பெருமிதம் இருந்தது, ஐயமில்லை. ஆனால், அது மணலில் நட்ட கிளை. எவரும் எளிதில் வீழ்த்தலாம் என்று விடப்பட்ட கிளை. இன்றைய வெற்றுரையாளரும் கிளை நடத்தான் செய்கின்றனர். நட்டவுடன் அதைச் சுற்றி வேலி கட்டுகின்றனர். 'தமிழ்ப்பற்று' என்பது ஒரு வேலி. 'என் வயது' என்பது மற்றொரு வேலி. 'முனைவர் பட்டம்' என்பது மூன்றாவது வேலி. வேலிக்குள் நிற்கும் கிளையை வைத்துக் கொண்டு, வெல்ல ஆளில்லை என்று முழங்குவது எவ்வகை வீரம்?

திருவிளையாடற் கதையில் இறைவனே பாடலோடு வந்தபோதும் நக்கீரர் பாடலின் குற்றத்தைப் பேசினாரேயன்றி, வந்தவரின் பெருமையைக் கண்டு வாய் மூடவில்லை. அது கதையென்றே கொள்ளலாம். உரையாசிரியர்களின் நடை கதையன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். மறுக்கும்போதும் 'உரையாசிரியர்' என்று மதிப்போடு குறிக்கிறார். மறுப்புக்குக் காரணமும் காட்டுகிறார். தடை எழுப்பி விடை கூறுவது தமிழ் உரைமரபின் முதுகெலும்பு. அந்த உரைகளைப் பாடமாகக் கற்றவர்களே, பந்தலடியில் அமர்ந்தவுடன் அந்த மரபை மறந்து விடுவது வியப்புக்குரியது.

சங்கிலி ஓசை

தஞ்சோங் கிளிங்கின் பெயரையே உரைத்துப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் சங்கிலி 'கிளிங், கிளிங்' என்று ஒலித்ததாம். அதனால் இந்தியருக்கு அப்பெயர் வந்ததாம். இந்த விளக்கம் மலேசியத் தமிழரிடையே வாய்வழியாகப் பரவி, கற்றோர் மேடைகளிலும் ஏறியுள்ளது. கேட்பவர் நெஞ்சை உருக்கும் விளக்கம் இது. உருக்கம் உண்மைக்குச் சான்றாகுமா?

சாவகத்தில் ஏர்லங்கா மன்னன் ஆண்ட 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அங்கு வந்த அயல்நாட்டு வணிகரைப் பட்டியலிடுகின்றன. அப்பட்டியலில் கிளிங் என்னும் பெயர் உள்ளது. சிங்களர், சம்பா நாட்டார், கெமிர் நாட்டார் ஆகியோரோடு அப்பெயரும் வருகிறது. திராவிடர் என்னும் பெயர் அதே பட்டியலில் தனியே இடம்பெறுகிறது. ஆங்கிலேயர் மலாக்காவில் காலூன்றியது 1795-இல். ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் இருந்த பெயர், பின்னால் வந்த சங்கிலியிலிருந்து எவ்வாறு பிறக்கும்? கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் திரிபே இது என்பது அறிஞர் பெரும்பாலோர் கொண்ட முடிவு. 1748-இல் மலாக்கா நகரில் கட்டப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலும் அவ்வணிகரின் பெயரையே இன்றளவும் தாங்கி நிற்கிறது.

பிற்காலத்தில் இப்பெயர் இழிசொல்லாக வீசப்பட்டது. இன்றும் அது தமிழர் நெஞ்சைப் புண்படுத்துகிறது. அந்த வலி உண்மையானது. வலியை எடுத்துரைக்கப் பொய்யான சொற்பிறப்பு தேவையில்லை. மாறாக, வணிகராக மதிக்கப்பட்டோரின் பெயர் எவ்வாறு வசைச்சொல்லாகத் தாழ்ந்தது என்று கேட்பதே பெரிய கேள்வி. சங்கிலிக் கதை அந்தக் கேள்வியையே மறைத்து விடுகிறது.

பரமேசுவரனும் நினா சாத்துவும்

பரமேசுவரன் தமிழன் என்பதற்குக் காட்டப்படும் ஒரே சான்று அவன் பெயர். பெயரே சான்றாகுமாயின், கம்போடியப் பேரரசுக்கு அடித்தளமிட்ட இரண்டாம் செயவர்மனும் தமிழனாக வேண்டும். ஏனெனில் இறந்தபின் அவனுக்கு வழங்கிய பெயரும் பரமேசுவரன் என்பதே. தென்கிழக்காசிய மன்னர்கள் வடமொழிப் பட்டப்பெயர்களைச் சூடிக்கொண்டது பரவலான வழக்கம். மலாக்கா பரமேசுவரன் பாலெம்பாங்கிலிருந்து வந்தவன் என்பது போர்த்துக்கீசியரான தோமே பிரஸ் தரும் செய்தி. 1411-இல் அவன் சீனப் பேரரசரை நேரில் கண்டதை மிங் பேரரசின் குறிப்புகள் பதிந்துள்ளன. இவற்றுள் ஒன்றேனும் அவனைத் தமிழன் என்று கூறவில்லை.

இராசேந்திர சோழன் மலாக்காவை ஆண்டான் என்பாரும் உளர். 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பைக் கூறும் அவனுடைய மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோவிலில் பொறிக்கப்பட்டுள்ளது. கடாரம், சீவிசயம், இலங்காசோகம் எனப் பல ஊர்கள் அதில் வருகின்றன. மலாக்கா வரவில்லை. எவ்வாறு வரும்? அந்நகரம் தோன்றவே இன்னும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இருந்தன.

இங்கேதான் வெற்றுரை செய்யும் பெருங்கேடு தெரிகிறது. பொய்ப் பெருமையைத் தூக்கிப் பிடித்த கைகள் உண்மைப் பெருமையை நழுவ விடுகின்றன. மலாய் அரச வரலாறான செசாரா மெலாயு, அரச மரபின் தொல்கதையிலேயே இராசா சூலான் என்னும் பெயரால் ஒரு சோழ நினைவைப் போற்றி வைத்திருக்கிறது. அதே நூல், கிளிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரைப் பற்றிக் கூறுகிறது. அவருடைய மகள் வயிற்றுப் பிள்ளையே 1446 முதல் 1459 வரை மலாக்காவை ஆண்ட சுல்தான் முசபர் சா. அவருடைய பேரர் துன் முத்தாகிர் மலாக்காவின் பெண்டகாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, உயர்ந்தார். 1510-இல் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். இந்தக் குடும்பத்தைத் தமிழ் முசுலிம் வழியினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பரமேசுவரனுக்காகத் தொண்டை கிழியப் பேசுவோருள் எத்தனை பேர் மணி புரிந்தானின் பெயரை அறிவர்?

அறியாமைக்குக் காரணம் உண்டு. உண்மை வரலாறு எப்போதும் இனிப்பதில்லை. போர்த்துக்கீசியர் நினா சாத்து என்று எழுதிவைத்த இந்து வணிகர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர். மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு மறைவாக உதவினார். 1511-இல் நகரம் அல்புகர்க்கின் கைக்கு வந்தபின் பெண்டகாரா ஆக்கப்பட்டார். 1514-இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது, அவமானம் பொறாமல் தாமே எரியில் புகுந்து மாண்டார். இவரை வீரர் என்பதா, காட்டிக் கொடுத்தவர் என்பதா, நம்பிக் கெட்டவர் என்பதா? எளிதில் விடை கூற இயலாது. மேடையில் முழங்குவோருக்குக் கைதட்டல் தரும் மன்னன் வேண்டும். சிந்திக்கச் சொல்லும் வணிகர் வேண்டாம்.

பட்டமா, சான்றா?

அப்படியானால், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதோர் வாய் திறக்கவே கூடாதா? அவ்வாறு கூறுவோரையும் கண்டிக்கத்தான் வேண்டும். பௌத்தமும் தமிழும் என்னும் நூலை 1940-இல் வெளியிட்ட மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணி அலுவலர். 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியர். அலுவல் போக எஞ்சிய நேரத்தில் வளர்த்த ஆர்வமே அவரைக் கல்வெட்டறிஞர் ஆக்கியது. புகளூர்க் குகைக் கல்வெட்டில் சேர மன்னரின் பெயர்களை 1965-இல் அவர் கண்டறிந்தார். சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பை 1977-இல் வெளியிட்டார். அவ்வெழுத்தின் மொழி திராவிடம் என்பது அவர் கருத்து. ஆயினும், முழுவதையும் படித்து விட்டேன் என்று 2018-இல் மறையும் வரை அவர் சாற்றவில்லை. அவர் கருத்தை மறுப்போரும் அவருடைய தொகுப்பைப் பயன்படுத்தலாம். அதைக் கொண்டே அவரை எதிர்க்கலாம். மணலில் நட்ட கிளை அது.

அந்த எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று 2025 சனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். படிக்கப்படாதது என்பதால்தானே பரிசு? ஆனால், தேநீர்க் கோப்பை ஆறுவதற்குள் அதைப் படித்து முடித்து விடும் அறிஞர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கின்றனர்!

எதிர்வாதமும் விடையும்

இதற்கு ஒரு தடை எழுப்பப்படும். 'தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றே பிறர் தமிழரை அறிவர். பாடநூலிலும் தமிழருக்குக் கிடைத்த இடம் சிறிது. தாழ்த்தப்பட்ட மக்கள் சற்றே மிகைப்படுத்திப் பேசி நிமிர்ந்து நின்றால் என்ன குறை?' வன்மையான தடை இது. எள்ளி ஒதுக்கத்தக்கது அன்று.

இதற்கு விடை பந்தலடியில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்த சிறுமி ஒருத்தி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறாள் என்று கொள்வோம். பெரியவர்கள் சொன்னதை நம்பி, பரமேசுவரன் தமிழன் என்று வரலாற்று வகுப்பில் எழுந்து கூறுகிறாள். 'சான்று என்ன?' என்று ஆசிரியர் கேட்கிறார். அவளிடம் ஒன்றும் இல்லை. வகுப்பு சிரிக்கிறது. மறுநாள் அவள் மணி புரிந்தானைப் பற்றி உண்மையைச் சொன்னாலும் எவர் நம்புவர்? நிமிர்ந்து நிற்கத் தந்த ஊன்றுகோலே அவளை இடறி விட்டது. வீம்பு பேசியவர் வீட்டில் உறங்குகிறார். வெட்கத்தைச் சுமந்தவள் சிறுமி. எளிய மக்களுக்கே உறுதியான சான்று மிகுதியும் வேண்டும். அவர்கள் ஒருமுறை தவறினால் உலகம் பலமுறை சுட்டிக்காட்டும்.

எனவே தமிழாசிரியர் கற்பிக்க வேண்டியவை மூன்று வினாக்கள். இச்செய்தி எங்கே எழுதப்பட்டுள்ளது? எழுதியவருக்கு அது எவ்வாறு தெரிந்தது? இது தவறாயின், தவறு என்று எதனால் அறியலாம்? கூறுபவர் பேராசிரியர் ஆயினும், தோட்டத் தொழிலாளர் ஆயினும், இந்த மூன்றையும் கேட்கலாம், பணிவோடு கேட்கலாம். விடை கூறுபவர் அறிஞர். கேள்விக்குச் சினப்பவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும், வேலிக்குள் கிளை நட்டவரே.

தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் ஒரு சிறு கல் கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று அதில் பொறித்துள்ளது. அது பொற்கொல்லர் பொன்னின் மாற்றறியும் உரைகல். இந்தத் தீபகற்பத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துகளுள் ஒன்று வாளில் இல்லை. வெற்றித் தூணிலும் இல்லை. பொன்னையும் போலியையும் பிரித்துக் காட்டும் கருவியில் இருக்கிறது. கடல் கடந்த தமிழன் அதைக் கையில் கொண்டு வந்தான். அவன் வழிவந்தோர் அதைக் கீழே போடலாகாது.