லுட்டாப்பியைத் திருத்தாதீர்கள்

கடந்த மே மாதம் எங்கள் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடந்தது. கதை எழுதும் பகுதிக்கு என்னை உதவிக்கு நிறுத்தியிருந்தார்கள். பலகையில் தலைப்பு எழுதிப்போட்டார்கள்: ‘லுட்டாப்பி நல்லவனான கதை’. மலையாளப் படக்கதை ‘மாயாவி’யில் வில்லன் கூட்டத்தோடு அலைகிறவன் லுட்டாப்பி. பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் எழுதினார்கள். லுட்டாப்பி அழுகிறான், மாயாவியிடம் மன்னிப்புக் கேட்கிறான், கதை தீர்ந்தது. என் தம்பி மகன் மட்டும் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தான்.

“ஏன் மக்களே எழுதல?”

“நல்லவனானா பிறகு அவன் லுட்டாப்பி இல்லல்லா, மாமி.”

அந்த எட்டு வயதுப் பிள்ளையின் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு இஞ்சிவிளையில், பாறசாலை எல்லை. அப்பாவின் பெட்டிக்கடை களியக்காவிளையில். 1956 நவம்பர் 1 முதல் இஞ்சிவிளை கேரளம், களியக்காவிளை இன்றைய தமிழ்நாடு. நடந்தே போய் வருகிற தூரம்தான். கடை முகப்பில் இரண்டு கயிறு கட்டியிருக்கும். ஒன்றில் தமிழ்ப் புத்தகங்கள் தொங்கும், மற்றதில் மலையாளம். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய், விற்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். தாள் மடங்கக் கூடாது. மடங்கினால் அப்பா திட்ட மாட்டார், அந்தப் பிரதியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். அது திட்டுவதைவிட வலிக்கும். அதனால் இரண்டு விரலால்தான் பக்கம் புரட்டுவேன்.

1984-இல் எனக்கு ஒன்பது வயது. அந்த ஒரே வருடத்தில் சிவகாசியில் லயன் காமிக்ஸ் பிறந்தது, ராணி காமிக்ஸ் பிறந்தது, ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படம் வந்தது. மலையாள மனோரமாவின் ‘பாலரமா’வில் ‘மாயாவி’ படக்கதையும் அந்த வருடம்தான் தொடங்கியது. என்.எம்.மோகன் உருவாக்கியது, முதலில் வரைந்தவர் பிரதீப் சாத்தே. எனக்கோ ஒரே குழப்பம். தமிழ்க் கயிற்றில் ஒரு மாயாவி இரும்புக்கையோடு இருந்தார். பின்னாளில் இன்னொரு மாயாவி முகமூடி போட்டுக் குதிரையில் வந்தார். மலையாளக் கயிற்றில் இருந்த மாயாவி கொம்பு முளைத்த குட்டிச்சாத்தான். ராஜு, ராதா என்ற இரண்டு பிள்ளைகளுக்குத் தோழன்.

அந்தக் கதையில் முக்கிய வில்லன்கள் என்றால் மந்திரவாதி குட்டூசனும் சூனியக்காரி டாகினியும்தான். மாயாவியைப் பிடித்துக் குப்பியில் அடைக்க வேண்டும் என்பதே அவர்கள் பிழைப்பு. லுட்டாப்பி அவர்களுக்கு வண்டி. சிவந்த உடம்பு, இரண்டு கொம்பு, ஒரு வால், ஏறிப் பறக்க ஒரு குந்தம். நாம் ஈட்டி என்கிறோம், பழைய தமிழிலும் அதற்குக் குந்தம் என்ற பேர் உண்டு. பெரியவர்கள் இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பறப்பான். திட்டம் அவர்களுடையது, அடி மூன்று பேருக்கும். மறு இதழில் மறுபடியும் குந்தம், மறுபடியும் அடி. பிறகு புட்டாலு என்றொரு மாமன் வந்து சேர்ந்தான். ஒரு வில்லனுக்கு மாமன் வந்துவிட்டால் அவன் நம் தெருப் பையன் ஆகிவிடுகிறான்.

ஒன்பது வயதில் எனக்கு அவனைக் கண்டால் ஆகாது. இருபத்தைந்து வயதில் உதியன்குளங்கரையில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி வீட்டில் இரண்டு பேர். துணி பொருந்தினால் பெருமை அவர்களுக்கு, பொருந்தாவிட்டால் பழி எனக்கு. ஒருநாள் மத்தியானம் சோற்றுப் பொட்டலம் கட்டி வந்த தாளைப் பிரித்தால் பாலரமாவின் பக்கம். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு லுட்டாப்பி பறக்கிறான். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைப் படைத்தவர்கள் அவனை மாற்றவில்லை. பதினாறு வருடத்தில் நான்தான் அவன் பக்கம் நகர்ந்து வந்திருந்தேன்.

நான் மட்டுமல்ல என்று 2019-இல் தெரிந்தது. டிங்கினி என்றொரு புதிய பாத்திரத்தைப் பாலரமா அறிவித்ததும், லுட்டாப்பியை நீக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ‘லுட்டாப்பியைக் காப்பாற்றுங்கள்’ என்று கேரளமே சமூக ஊடகத்தில் எழுதித் தள்ளியது. எழுதியவர்களில் மீசை முளைத்தவர்கள்தான் அதிகம். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதையே அனுப்பிக்கொண்டிருந்தான். லுட்டாப்பி எங்கும் போகவில்லை என்று பத்திரிகை சொன்ன பிறகுதான் அடங்கியது. மாயாவிக்காக இப்படி யாரும் கூடியதாக எனக்கு ஓர்மை இல்லை.

வில்லனை நாயகனாக்கும் வழியும் உண்டு, மறுக்கவில்லை. நாம் கொண்டாடிய இரும்புக்கை மாயாவி லூயிஸ் கிராண்டேல், 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் முளைத்தபோது திருடன்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். அதை வைத்துக் கொள்ளையடித்தவன் பிறகு அரசாங்க உளவாளி ஆனான். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன் பேரில்தான். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் அப்படித்தான். குற்ற உலகத்துக்கு அரசனாக ஆசைப்பட்டு 1965-இல் கிளம்பியவன், சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுதிய கதைகளில் குற்றவாளிகளை வேட்டையாடுகிறவன் ஆனான். இரண்டு பேரையும் நான் விரும்பிப் படித்தேன். ஆனால் அவர்கள் கட்சி மாறியவர்கள். லுட்டாப்பி மாறாமலே மனசுக்குள் வந்தவன். அதுதான் கடினம்.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. வழிமறித்துக் கொன்றவள் என்று வில்லுப்பாட்டில் பாடப்படும் நீலிதான் முப்பந்தலில் இசக்கியம்மன். பிள்ளை வேண்டி அவளுக்குத் தொட்டில் கட்டுகிறோம். ஆனாலும் இசக்கி சிலையைப் பாருங்கள்: கையில் பிள்ளை, காலடியில் மாண்டுகிடக்கும் ஆண். கோபத்தை எடுத்துவிட்டு அவளை யாரும் கும்பிடவில்லை. சுடலைமாடனிடம் போய், கொஞ்சம் சாந்தமாக இரும் என்று யார் சொன்னார்கள்?

நல்ல கருத்து இல்லாத கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயத்தில்தான் இப்படித் தலைப்புக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அவ்வளவு பலவீனமானவர்கள் அல்ல. லுட்டாப்பி செய்வது தப்பு என்று என் தம்பி மகனுக்கு நன்றாகத் தெரியும். லுட்டாப்பியைக் கதைக்குள் யாரும் ஒருநாளும் மெச்சிப் பேசுவதில்லை என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ளப் பழகுகிறான் பாருங்கள், அந்தப் பழக்கம் மன்னிப்புக் கேட்கிற கதையில் கிடைக்காது.

என் மனக்குறை வேறொன்று. இதெல்லாம் அவனுக்கு மலையாளத்தில்தான் கிடைக்கிறது. அப்பாவின் தமிழ்க் கயிறு மெலிந்துவிட்டது. பூந்தளிர் போயிற்று. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. கோகுலமும் அச்சில் இல்லை. சிவகாசியில் லயனும் முத்துவும் விடாப்பிடியாக வருகின்றன, அதற்காக அவர்களை வணங்குகிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகள்தான். நாற்பது வருடம் விடாமல் தோற்றுக்கொண்டே இருக்கிற, நம் ஊர்ப் பேர் வைத்த ஒரு வில்லன் தமிழில் இல்லை.

தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களே, ஒருத்தனை உருவாக்குங்கள். இரண்டு வருடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கு அவனை வெறுக்கிற பிள்ளை இருபத்தைந்து வயதில் திரும்பி வரும்போது அவன் அங்கே இருக்க வேண்டும். முகாம் நடத்துகிறவர்களே, வருகிற மே மாதம் தலைப்பை மாற்றுங்கள். லுட்டாப்பி இந்தத் தடவை எப்படித் தோற்றான் என்று எழுதச் சொல்லுங்கள்.