வெள்ளைச் சீருடையும் வெள்ளைத் தாளும்



வீட்டு வேலைகளுக்கிடையே கணினியில் பாடசாலை மலர்களையும் மத்ரஸா ஆண்டு மலர்களையும் வடிவமைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்காக இம்மாதம் எழுதுகிறோம்.

நமது பெண் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை வெள்ளை. தலையை மறைக்கும் பர்தாவும் வெள்ளை. பின்னால் இருக்கும் சுவரும் வெளிர் நிறமாக இருந்துவிட்டால், அப்படத்தை வெள்ளைத் தாளில் வைக்கும்போது படம் எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் தோள் தாளோடு கரைந்துவிடும். முகம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்த மலரைப் பிள்ளையின் உம்மா ஆயுள் முழுவதும் பத்திரமாக வைத்திருப்பார். அச்சான பிறகு அதைத் திருத்த வழியில்லை.

பரிகாரம் எளியது. சேலைக்குக் கரை இருப்பது போல, படத்துக்கும் மெல்லியதொரு கரை போட வேண்டும். நம்மவர்கள் போடர் என்பது இதைத்தான்.

அதை எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். சிலர் போட்டோஷொப்பில் படத்தின் மீதே கோடு போட்டுவிட்டுப் பிறகு பக்கத்தில் வைக்கிறார்கள். படத்தைப் பாதியாகச் சிறிதாக்கினால் கோடும் பாதியாக மெலியும். ஓரத்தை வெட்டினால் கோடும் வெட்டுப்படும். ஒரே பக்கத்தில் நான்கு படங்களுக்கு நான்கு விதமான கோடுகள் வந்துவிடும். ஆகவே படத்தில் அல்ல, பக்க வடிவமைப்பு மென்பொருளில் படம் அமர்ந்திருக்கும் சட்டகத்திலேயே கோடு போடுங்கள்.

இன்டிசைனில் கறுப்பு அம்புக்குறியால் படத்தை ஒருமுறை மட்டும் சொடுக்குங்கள். இருமுறை சொடுக்கினால் சட்டகத்துக்குப் பதிலாக உள்ளேயிருக்கும் படம் தெரிவாகிவிடும். பிறகு கோட்டின் நிறத்தைக் கறுப்பாக்கி, ஸ்ட்ரோக் பெட்டியில் தடிப்பு 0.5 பொயின்ட் எனக் கொடுங்கள். அங்கேயே கோடு சட்டகத்தின் உட்பக்கமாக அமையும்படி தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் பாதி வெளியே நீண்டு, படம் எழுத்துப் பத்தியின் ஓரத்தோடு நேராக நிற்காது.

இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸிலும் இதே முறைதான்: படச் சட்டகத்தைத் தெரிவு செய்து, கோட்டின் நிறத்தையும் தடிப்பையும் கொடுக்க வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 இல். அதில் செய்த பழைய மலர் எவரிடமேனும் இருந்தால், படத்தின் மேல் உள்நிறமில்லாத பெட்டியொன்றை வரைந்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். படத்தை நகர்த்தும்போது பெட்டியும் கூடவே வரும்.

இனித் தடிப்பு. 72 பொயின்ட் ஓர் அங்குலம். ஆகவே 1 பொயின்ட் ஏறத்தாழ 0.35 மில்லிமீற்றர். படத்துக்கு 0.5 பொயின்ட் போதுமானது. 0.25 பொயின்டுக்குக் கீழே போக வேண்டாம். ஹெயார்லைன் என்ற மயிரிழைக் கோட்டையும் தவிருங்கள். திரையில் நன்றாகத் தெரியும் அது, அச்சில் காணாமல் போகலாம். மறுபுறம், தடித்த கறுப்புக் கட்டம் போட்டால் பரிசு வாங்கும் பிள்ளையின் படம் மரண அறிவித்தல் போலாகிவிடும்.

நிறத்தில் நூறு வீதக் கறுப்பே பாதுகாப்பானது. சாம்பல் நிறம் அச்சில் புள்ளிகளாகப் பிரிந்து, மெல்லிய கோடு உடைந்தது போலத் தெரியும். பல மைகள் கலந்த நிறமானால், அச்சுத் தகடுகள் மயிரிழை விலகினாலும் கோடு இரட்டையாகும்.

எல்லாப் படத்துக்கும் கரை தேவையா? பச்சை மைதானத்தில் எடுத்த விளையாட்டுப் போட்டிப் படத்துக்குத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் பிள்ளைகள் வரைந்த சித்திரத்துக்குக் கட்டாயம் தேவை. ஆனால் ஒரே பக்கத்தில் ஒன்றுக்குப் போட்டு மற்றொன்றை விட்டால் பாகுபாடு போலத் தோன்றும். ஆகவே பக்கத்தில் ஒரு படத்துக்குத் தேவையென்றாலும் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். தாளின் விளிம்புவரை ஓடும் படத்துக்கு மட்டும் வேண்டாம். வெட்டும் கத்தி சற்று விலகினால் ஒரு பக்கம் கோடு இருக்கும், மறுபக்கம் இருக்காது.

இன்டிசைனில் ஒரு படத்துக்குச் செய்ததை ஒப்ஜெக்ட் ஸ்டைலாகச் சேமித்துக்கொண்டால் மற்றப் படங்களுக்கெல்லாம் ஒரே சொடுக்கில் கொடுக்கலாம். கோடு இன்னும் சற்றுத் தடிப்பாக வேண்டும் என்று அதிபர் கடைசி நேரத்தில் சொன்னாலும், ஸ்டைலை ஒருமுறை மாற்றினால் எல்லாம் மாறிவிடும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தையாவது தாளில் அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் தோள் முழுதாகத் தெரிகிறதா? தெரிந்தால் மனநிறைவோடு அனுப்புங்கள். சிறிய வேலையையும் செம்மையாகச் செய்வதை நமக்குக் கற்றுத் தந்திருப்பது நமது மார்க்கமல்லவா?