நாடிழந்த சித்திரங்கள்

சர்க்கார் அனுமதியின்றிக் கலைஞர் எவரும் தொழில் நடத்தலாகாதென 2018-ல் கியூபாவின் 349-ஆம் நம்பர் ஆணை விதித்தது. சர்க்காரைக் கண்டித்த சித்திரக்காரர் ஹாம்லெட் லாவாஸ்டிடா, 2021-ல் சிறைவாசத்துக்குப்பின் தேசத்தைவிட்டே வெளியேற நேர்ந்தது. இத்தகையோரிடம் அனுதாபம் காட்டினால் போதுமா? போதாதென்பதே நமது அபிப்பிராயம்.

தேசப்பிரஷ்டனான கலைஞன் வீட்டை மட்டுமன்று, தன் கலையின் குறிப்பறிந்த ஜனங்களையும் இழக்கிறான். அக்குறிப்பை அந்நியருக்கு விளக்கி, அதிகாரம் மறைத்ததைச் சரித்திரத்தில் பதிப்பது விமர்சகர் கடமை. கியூபாவின் நிகழ்த்துகலையையும் அரசியலையும் ஆராய்ந்து கோகோ ஃபுஸ்கோ 2015-ல் வெளியிட்ட நூல் அத்தகைய தொண்டேயாகும்.

ஆயினும் கட்சிப்பற்று விமர்சனமாகாது. 1988-ல் மயாமியில், கியூபாவிலேயே வாழ்ந்துவந்த மென்டிவேயின் சித்திரமொன்றை அகதி ஒருவர் ஏலத்தில் வாங்கித் தெருவில் கொளுத்தினார்! அதுவும் அடக்குமுறையே. பிரஷ்டரைப் புகழ்வதன்று, அவர் கலையைச் சீர்தூக்கி உரைப்பதே உண்மையான உதவி.