தூளியும் துணியும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

பட்டு நெய்யும் ஊரிலிருந்து வருபவன் பருத்தியைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் நகைக்கலாம். பிள்ளையார்பாளையத்தில் பாவும் ஊடையும் பட்டுதான். ஆனால் தறிக்குழிக்கு அருகே தொங்கும் தூளி எந்நாளும் பருத்திச் சேலைதான்! பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று, பலமுறை துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்துப் போர்த்துவது எங்கள் பாட்டிமார் வழக்கம். படித்தவர் சிலர் இதனை மூடப்பழக்கம் என்பர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளாகிய நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். (ஆண்டு நிறைவன்று சரிகைப் பாவாடை கட்டிக் குழந்தையை அழவைப்பதும் எங்கள் ஊர் வழக்கமே. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

துணி சுருங்காதிருக்க ஏற்றும் பிசின்களிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியக்கூடும். அது தோலை உறுத்துவது, நீரில் கரைவது. எனவே துவைக்கத் துவைக்கக் குறைகிறது. 24 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடையில் அது கண்டறியும் அளவில் இருத்தலாகாது என்பது ஜப்பானியச் சட்டம். சாயங்களையும் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் அசோ சாயம் செய்தபோது விரலில் ஏறிய செம்மஞ்சள் நிறம் இரண்டு நாள் போகவில்லை. அவ்வினத்துச் சாயங்களுள் சில சிதைந்து, பென்சிடின் போன்ற புற்றுநோய் விளைக்கும் அமீன்களைத் தருவன. அவற்றை ஜெர்மனி 1994-இலும் நம் நாடு 1997-இலும் தடை செய்தன.

இன்று கடைகளில் ‘ஆர்கானிக்’ பருத்தி என்ற முத்திரையுடன் குழந்தைச் சட்டையும் அணையாடையும் வந்துள்ளன. விலையோ நெசவாளி வீட்டுக்கு எட்டாதது. ஆலையில் வேகவைத்து வெளுத்த பின் எந்தப் பருத்தியிலும் பூச்சிமருந்து மிகச் சொற்பமே எஞ்சும் என்பதை அம்முத்திரை சொல்வதில்லை. அதனால் முதலில் பயனடைபவர் மருந்து தெளிக்கும் உழவரே, குழந்தையல்ல. முத்திரையையும் கண்மூடி நம்புவதற்கில்லை. 2020-இல், இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்றிதழ் காட்டப்பட்டதை உலகத் தரநிலை அமைப்பாகிய ‘காட்ஸ்’ தானே கண்டறிந்து அறிவித்தது.

ஆயினும் இயற்கைப் பருத்தி வேண்டாம் என்பதல்ல என் கருத்து. நொய்யலாறு பட்ட பாட்டை நாம் மறக்கலாமா? சாயக்கழிவு தாளாமல், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. குழந்தைத் துணிக்குச் சாயமே எதற்கு? பஞ்சின் நிறமே அழகுதானே!

அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் வழங்கும் திட்டம் 2015-இல் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. அத்தகைய பெட்டகத்தில் வைக்கும் துண்டும் சட்டையும் சாயமேற்றாத இயற்கைப் பருத்தியில், கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்தவையாக இருக்கட்டும். 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் இருக்கையில் கொள்முதலுக்கு வழியில்லை என்று யாரும் கூற இயலாது. கோவில்பட்டிக் கரிசலில் மழையை நம்பியே விளையும் கருங்கண்ணி நம் நாட்டுப் பருத்தி. அதனை மீண்டும் பயிரிடுவோர்க்கு நிலையான சந்தை இதனால் கிடைக்கும். கருங்கண்ணியின் இழை குட்டை, மெல்லிய நூலுக்கு உதவாது என்று நூற்பாலையார் மறுப்பர். துண்டுக்கும் அணையாடைக்கும் மெல்லிய நூல் எதற்கு?