பலகையில் 70 மைல்! தரையில் எத்தனை அடி?

பனி உருகுவதற்கு முன்பே அமெரிக்காவில் பேஸ்பால் ஜுரம் பிடித்துவிடும். போட்டிகள் வசந்த காலத்தில்தான். ஆனால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் குளிர்காலத்திலேயே பயிற்சிக் கூடம் தேடி அலைய ஆரம்பித்துவிடுகிறார்கள். வடக்கு மாநிலங்களில் அப்போது மைதானம் முழுவதும் பனி. ஆகையால் கூரை போட்ட பெரிய கொட்டகைகளுக்குள் வலைக் கூண்டுகள் கட்டி, யந்திரத்தைக் கொண்டு பந்து எறியச் செய்கிறார்கள். நம் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் வலை கட்டிப் பழகுகிறார்கள் அல்லவா, அதைப் போலத்தான். ஆனால் அங்கே தலைக்கு மேலும் வலை உண்டு. காசு கொடுத்து டோக்கன் வாங்கிப் போட்டால், யந்திரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளை அனுப்பும். அரை மணி, ஒரு மணி என்று கூண்டையே வாடகைக்கு எடுப்பதும் உண்டு.

பல கூடங்களில் கூண்டு வாசலில் ஒரு பலகை தொங்கும். 40 மைல், 50 மைல், 70 மைல் என்று பந்தின் வேகம் அதில் எழுதியிருக்கும். தகப்பனாரின் கண் முதலில் போவது அந்தப் பலகையின் மேல்தான். பத்து வயது மகன் 70 மைல் பந்தைத் தொட்டுவிட்டான் என்றால் அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளலாமே! பெருமைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பந்து எத்தனை அடி தூரத்திலிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். பெரியவர்கள் ஆடும் பேஸ்பாலில் பந்து எறிபவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவரின் தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1893-ல் ஏற்பட்ட விதி, இன்றும் அதேதான். சிறுவர்களுக்கான லிட்டில் லீக் ஆட்டத்தில் 46 அடி. இனி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து 60 அடி 6 அங்குலத்தைக் கடக்க முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகும். 50 மைல் பந்து 46 அடியை அதைவிடச் சீக்கிரம் கடந்துவிடும். பலகையில் பார்த்தால் 60 பெரிது, 50 சிறிது. மட்டை பிடித்து நிற்கும் பையனுக்கோ 50-தான் கடினம்!

அதே 46 அடியில் 70 மைல் யந்திரத்தை வைத்தால் என்ன ஆகும்? பந்து அரை விநாடிக்குள் வந்து சேரும். முழுத் தூரத்திலிருந்து 92 மைல் வேகத்தில் வருவதற்குச் சமம் அது. உத்தேசக் கணக்குத்தான், காற்றின் தடை இதில் சேரவில்லை. என்றாலும், தொழில்முறை ஆட்டக்காரர்கள் சந்திக்கிற பந்தைப் பத்து வயதுப் பையன் முன்னால் கொண்டுபோய் வைக்கிறோம் என்பது விளங்கும். அவன் பந்தைப் பார்த்து அடிப்பதில்லை. பந்து வருமுன்பே குருட்டாம்போக்கில் மட்டையை வீசக் கற்றுக்கொள்கிறான். ஒரு மாதத்தில் பழகிய அந்தக் கெட்ட வழக்கத்தை மாற்றப் பயிற்சியாளருக்கு ஒரு பருவம் முழுவதும் பிடிக்கும்.

வேகத்தை நம்புகிறவர்கள் ஜப்பானின் இச்சிரோ சுசுகியை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நல்ல எடுத்துக்காட்டுதான். 1973-ல் பிறந்த இச்சிரோ, நகோயா நகரை அடுத்த விமான நிலையத்துக்கு அருகிலிருந்த பந்தடிக் கூடத்துக்குச் சிறு வயதில் தந்தை நொபுயுகியுடன் அநேகமாகத் தினந்தோறும் போனவர். அங்கிருந்த யந்திரத்தின் வேகம் போதாமல் போய், அந்தச் சிறுவனுக்காகவே வேகத்தைக் கூட்டி அமைத்துக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் அமெரிக்கா சென்று, 2004-ல் ஒரே பருவத்தில் 262 முறை வெற்றிகரமாகப் பந்தடித்து, 1920-லிருந்து நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். 2025-ல் அமெரிக்க பேஸ்பால் புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார். ஆனால் கதையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். இருந்த வேகத்தைப் பையன் வென்றான். அதற்குப் பிறகுதான் வேகம் கூடிற்று. அந்த வரிசையைத் தலைகீழாக்கி விட்டு இச்சிரோவின் பேரைச் சொல்வது நியாயமல்ல.

தலைக்கு வரும் ஆபத்து

இது வெறும் ஆட்டத் திறமையைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. 1920 ஆகஸ்டு 16-ந் தேதி நியூயார்க்கில் நடந்த போட்டியில் கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையில் பந்து தாக்கிற்று. மறுநாள் அதிகாலையில் உயிர் பிரிந்தது. அந்நாளில் தலைக்கவசம் கிடையாது. இப்படி ஒரு சாவு நேர்ந்தும், பெரிய லீக்குகளில் தலைக்கவசம் கட்டாயம் என்ற விதி 1971-ல்தான் வந்தது. அப்போதும் பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்கு அளித்தார்கள்!

யந்திரத்துக்கு மனிதனைப் போல் கோபதாபம் இல்லை. ஆனால் தவறிப் போவது உண்டு. யந்திரத்துக்கென்றே செய்த பந்துகளில் சிறு சிறு குழிகள் இருக்கும். அவை தேய்ந்து போனாலோ, பந்து நனைந்திருந்தாலோ குறி தப்பும். ஆகவே பந்துக் கூடையில் கைவிட்டு நாலு பந்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. வழவழவென்று தேய்ந்த பந்துகளை வைத்துக்கொண்டு புதிய விளக்குகள் போட்டிருக்கும் கூடத்தைவிட, மங்கிய சுவரும் நல்ல பந்தும் உள்ள கூடம் எவ்வளவோ மேல். வலையில் கிழிசல் இருக்கக் கூடாது. இரும்புக் கம்பத்தோடு ஒட்டாமல் சற்றுத் தளர்வாகத் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் பந்து கம்பத்தில் பட்டு அடித்தவன் மேலேயே திரும்பும். வலை மேல் சாய்ந்து வேடிக்கை பார்ப்பவர்களை விரட்ட ஓர் ஆள் வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் உள்ளே விடாத கூடம் என்றால், அங்கே கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

யந்திரம் எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். பந்தெறி யந்திரம் இன்று நேற்று வந்ததல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தின் கணித ஆசிரியர் சார்லஸ் ஹின்டன் 1897-லேயே வெடிமருந்தால் இயங்கும் ஒன்றைச் செய்தார். மட்டை பிடித்தவர்கள் மிரண்டார்களாம். மிரளாமல் என்ன செய்வார்கள்! இப்போது பரவலாக இருப்பவை இரண்டு. ஒன்றில் இரும்புக் கை ஒன்று சுழன்று வந்து பந்தை வீசும். மற்றொன்றில் வேகமாகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பந்து நசுங்கி வெளியே பாயும். கை சுழல்வதைப் பார்த்து அடிப்பவன் நேரத்தைக் கணித்துக்கொள்ளலாம். சக்கர யந்திரத்தில் பந்து எப்போது கிளம்பும் என்று தெரியாது. எச்சரிக்கை விளக்கு எரிந்து, அதன் பின் பந்து வந்தால் சிறுவர்களுக்கு உதவி. ஆரம்பக்காரர்களுக்கு இரும்புக் கையே உகந்தது.

பெண் பிள்ளைகளின் பாடு தனி. 1974-ல் லிட்டில் லீக் அவர்களுக்கென்று சாஃப்ட்பால் பிரிவு தொடங்கியது. ஆனால் சாஃப்ட்பாலுக்கென்று தனிக் கூண்டு வைக்காமல், பேஸ்பால் கூண்டையே காட்டிச் சமாளிக்கும் கூடங்களும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பேஸ்பாலின் சுற்றளவு சுமார் 9 அங்குலம்; சாஃப்ட்பாலுக்கு 12 அங்குலம். சாஃப்ட்பாலில் கையை இடுப்புக்குக் கீழே சுழற்றி வீசுவார்கள். தூரமோ சிறுமிகளுக்கு 35 அடி, அடுத்த வயதினருக்கு 40, பெரியவர்களுக்கு 43. தோள் உயரத்திலிருந்து பந்தை வீசும் யந்திரத்தின் முன்னால் அவர்கள் ஆயிரம் பந்து அடித்தாலும், போட்டியில் தாழ்விலிருந்து எழும்பி வரும் பந்துக்குக் கண் பழகியிருக்காது. மகளை அழைத்துச் செல்லும் தாய் கல்லாவில் பணம் கட்டுமுன் கேட்கட்டும்: சாஃப்ட்பால் கூண்டு எது, அதன் யந்திரம் எந்த உயரத்திலிருந்து பந்து விடுகிறது, எத்தனை அடியில் நிற்கிறது? பதில் சொல்லத் தயங்கினால் கைப்பையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். தரையில் பிடித்து அளக்க ஒரு நிமிஷம் போதும்.