வழங்கி பொது, சூழல் தனி

ஆய்வகத்தின் பகுப்பாய்வுக் கருவிகளைத் தனி மடிக்கணினிகளிலிருந்து ஜூபிட்டர்ஹப் போன்ற பொது வழங்கிக்கு மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையுடன்.

நன்மை வெளிப்படையானது. உலாவி ஒன்று இருந்தால் போதும். விலையுயர்ந்த கணினி வாங்க இயலாத மாணவரும் பிறருக்கு நிகரான கணித்திறனைப் பெறுகிறார்.

இழப்போ மெதுவாகவே புலப்படும். அனைவரும் ஒரே பைத்தான் சூழலைப் பகிர்ந்தால், ஒருவருக்காகப் புதுப்பிக்கப்படும் நூலகம், நிறைவுறும் தறுவாயிலுள்ள மற்றொருவரின் ஆய்வை முடக்கக்கூடும். 2024இல் வெளிவந்த நம்பை 2.0, பழைய பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்ட நிரல்தொகுதிகள் பலவற்றோடு இணங்கவில்லை.

எனவே வழங்கி பொதுவாகட்டும். சூழல் ஒவ்வோர் ஆய்வுக்கும் தனியாகட்டும். நூலகங்களின் பதிப்பெண்களைக் குறித்துவைக்கும் கோப்பும் ஆய்வேட்டோடு சேரட்டும். தம் முடிவைத் தாமே மீண்டும் பெற இயலாத ஆய்வாளர், தேர்வாளர் முன் எதைச் சான்றாகக் காட்டுவார்?