சொல்ல வாய் வராத நோய்

ஐம்பது வயதைத் தாண்டிய நம்மவர்கள் பலர் இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறார்கள். தாராவியில் பல அறைகளில் கழிப்பிடம் கிடையாது. பொதுக் கழிப்பிடம் வரை நடக்கவேண்டும். அதற்குப் பயந்து மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறவர்களும் உண்டு. கேட்டால், "வயதாகிவிட்டது" என்பார்கள்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் உள்ள புராஸ்டேட் சுரப்பி, வயது ஏறும்போது பருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இந்தப் பருமன் புற்றுநோய் அல்ல. ஆயினும் சிறுநீரில் ரத்தம் கண்டால் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

இத்தொல்லை உள்ளவர்களிடம் ஆண்மைக் குறைவும் அதிகம் காணப்படுகிறது. மருந்தாலும் மாற்றம் வரலாம். டாம்சுலோசின் மாத்திரையால் விந்து குறைவாக வெளிப்படலாம். பினாஸ்டரைட் சிலருக்கு ஆசையைக் குறைக்கும். குழாய் வழியே சுரப்பியைச் சுரண்டி எடுத்த பிறகு, பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. எழுச்சியும் பெரும்பாலும் கெடுவதில்லை. குழந்தை வேண்டுமென்பவர்தான் முன்னதாகவே சொல்லவேண்டும். இந்த விவரம் தெரியாமல் லீவில் ஊருக்குப் போகிறவர், தன் ஆண்மையே போய்விட்டதென்று எண்ணி, மனைவியிடம் முகம் கொடுக்காமல் திரும்புகிறார்.

சயான் ஆஸ்பத்திரியிலேயே சிறுநீரியல் பிரிவு இருக்கிறது. சங்கடம் பாஷையில்தான். 'பேஷாப்' என்ற சொல் தெரியாத தமிழர் மும்பையில் இல்லை. அதற்கு மேல் பேச மகனையோ மருமகனையோ துணைக்கு அழைத்துப் போகிறார்கள். மகனை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் இதைச் சொல்வான்? இந்தி தெரிந்த, வயதொத்த நண்பரை அழைத்துப் போவதே நல்லது. ஆபரேஷனுக்கு முன் சொல்லவேண்டியதைத் தமிழிலும் ஒரு தாளில் அச்சிட்டுத் தர ஆஸ்பத்திரிகள் முன்வரவேண்டும். மொழிபெயர்க்க நம் தமிழ்ச் சங்கங்களில் ஆளா இல்லை?

ஆஸ்பத்திரியில் சொல்லாததை நம்மவர்கள் லாட்ஜ் வைத்தியரிடம் சொல்கிறார்கள். ரயில் பெட்டிக்குள் ஒட்டிய துண்டு நோட்டீஸ்தான் அவருக்கு வழிகாட்டி. ஆண்மைக் குறைவுக்கும் புராஸ்டேட் கோளாறுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. ரயில்வே அந்த நோட்டீஸ்களைக் கிழித்தால் மட்டும் போதாது. ஒட்டியவர்கள் மீது வழக்கும் போடவேண்டும்.

இன்னொன்று. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்கிறவர்கள், கடையில் கிடைக்கிறதென்று ஆண்மைக்கான சில்டனாபில் மாத்திரையை விழுங்கக் கூடாது. ரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.